விலை இறங்கிக்கொண்டே வரும் வீட்டை இப்போது வாங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா?

கும்பகோணத்தில் ஒரு பழைய தெருவில் 8,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறீர்கள். அதே தெருவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. போன வருஷம் 45 லட்சம் சொன்னவர் இப்போது 40-க்கு வந்துவிட்டார். வாங்கிவிடலாமா, இன்னும் இறங்கட்டும் என்று பொறுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

ஏன் இறங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் இரண்டு விதமாக விலை இறங்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காமல் குறுவை போய், சம்பாவும் சரியில்லை என்றால் ஊரில் காசு புழங்காது. நகைக்கடை முதல் மனை வியாபாரம் வரை எல்லாம் படுத்துவிடும். அது இரண்டு போகம் நன்றாக விளைந்தால் நிமிர்ந்துவிடும். இன்னொன்று, தெருவே காலியாவது. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு என்று போய்விட்டார்கள், பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால் அந்த விலை மறுபடி ஏறும் என்று நான் நம்பமாட்டேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பொங்கல் சமயத்தில் வேண்டாம், அன்றைக்குப் பூட்டின வீடும் திறந்திருக்கும்.

நான் இதை எண்ணாமல்தான் மாட்டிக்கொண்டேன். 2015-ல் மயிலாடுதுறை பக்கம் திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் உள்ள நீள வீடு ஒன்றை 28 லட்சத்துக்கு வாங்கினேன். "இதுக்கு மேல இறங்காது சார்" என்றார் தரகர். முற்றத்தில் விழுந்த வெயிலைப் பார்த்தே பாதி மனசு போய்விட்டது. உத்தரத்தில் கரையான் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. 2019-ல் திருச்சிக்கு மாற்றலானபோது விற்கப் பார்த்தேன். ஏழு மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலோடு திரும்பிவிட்டார். அதிகபட்சமாகக் கேட்டது 23 லட்சம். விற்க மனசு வரவில்லை. இன்றைக்கும் அது என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கு. 40 லட்சம் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 32 லட்சம் வரை தரும். மீதி 8 லட்சம் உங்கள் கைக்காசு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது 3.6 லட்சம் தனியாக. வட்டி எட்டரை சதவீதம், 20 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 27,800 ரூபாய். ஐந்து வருஷத்தில் 16 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், ஆனால் கடன் 28 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். அப்போது வீடு 30-க்குத்தான் போகும் என்றால் கையில் மிஞ்சுவது இரண்டு லட்சம்கூட இல்லை. 8,000 வாடகை கொடுக்கிறவர் அவசரப்பட வேண்டிய இடமே இது இல்லை.

பலருக்குத் தெரியாத ஒரு வம்பும் இதில் இருக்கிறது. சந்தை விலை இறங்கினால், பதிவுக்காக அரசு தெருவாரியாகக் குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் கூடவே இறங்காது. நீங்கள் அடித்துப் பேசி 34-க்கு முடித்து, வழிகாட்டி மதிப்பு 40 என்று இருந்தால், முத்திரைத்தீர்வை 40-க்குத்தான். அதோடு போகாது. வித்தியாசம் பேசிய விலையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அந்த ஆறு லட்சமும் உங்கள் வருமானமாக வருமான வரிக் கணக்கில் ஏறும். மலிவாக வாங்கினதற்கு வரி! பேரம் பேசப் போகும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவுக்கு என்ன மதிப்பு என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மனை யாருடையது? கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் எத்தனையோ வீடுகள் கோயில் அல்லது மடத்து அடிமனையில் நிற்கின்றன. கட்டடம் மட்டும்தான் விற்கிறவருடையது, மண்ணுக்குப் பகுதி, அதாவது தரை வாடகை, கட்டிக்கொண்டிருப்பார். விலை சட்டென்று ஐந்து லட்சம் இறங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பட்டாவையும் 30 வருஷ வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "பட்டா இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பத்து வருஷம் அந்த ஊரை விட்டு நகர மாட்டேன், மாற்றல் வராத வேலை, பிள்ளைகள் படிப்பும் இங்கேதான் என்றால் வாங்கலாம். விலை இன்னும் இரண்டு லட்சம் இறங்கினாலும் அதில் குடியிருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. மாற்றலுக்கு வாய்ப்பு இருந்தால் நான் வாங்கமாட்டேன்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. அந்த வீட்டை விற்கிறவரிடம் ஒத்திக்குக் கேட்டுப் பாருங்கள். ஆள் கிடைக்காமல் இருப்பவர், ஒரு தொகை கையில் வந்தால் போதும் என்று ஒத்துக்கொள்ளக்கூடும். மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருந்துவிட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் விலை இறங்கினால் அது அவர் கவலை. வெறும் கைச்சீட்டில் எழுதிக்கொள்ளாமல் ஒத்திப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கத்தில் பாருங்கள், முடிந்தால் அசல் பத்திரத்தையே கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு முறை கொல்லைப்பக்கமும் போய்ப் பாருங்கள். என் வீட்டில் ஐப்பசி மழைக்குக் கிணற்றடி வரை தண்ணீர் நிற்கும் என்று எனக்குச் சொன்னது தரகர் இல்லை, பக்கத்து வீட்டு மாமிதான். அதுவும் பத்திரம் முடிந்த மறுவாரம்.