2030-களில் பெருமந்தம் வருமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் பொருளாதாரக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. ஐடிஆர் எகனாமிக்ஸ் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 2030-ஐ ஒட்டி ஒரு பெருமந்தம் தொடங்கும், 1930-களில் வந்ததைப் போல அது பல வருடம் நீடிக்கும் என்று நீண்ட நாளாகச் சொல்லிவருகிறது. அரசுக் கடன், முதியவர்கள் பெருகுவது, மருத்துவச் செலவு, பணவீக்கம் என்று அவர்கள் அடுக்கும் காரணங்களில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஓராண்டு முன்னதாகச் சொல்லும் கணிப்புகளில் தாங்கள் பெரும்பாலும் தவறியதில்லை என்றும் சொல்கிறார்கள்.

எனக்கு வயது 42. மாதாமாதம் பங்குச்சந்தை நிதிகளில் போட்டுவந்த பணத்தைச் சென்ற ஆண்டோடு நிறுத்திவிட்டேன். இருக்கும் சேமிப்பையும் எடுத்து வங்கியில் போட்டுவிட்டேன். மனைவிக்கு இதில் சம்மதமில்லை, வருமோ வராதோ என்று தெரியாத ஒன்றுக்காக இன்றைக்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி என்று கேட்கிறாள். மகள் 2032-ல் கல்லூரி முடிப்பாள். சரியாக அந்த நேரத்தில் வேலையே இல்லாத உலகத்துக்குள் போய் நிற்பாளோ என்ற நினைப்புதான் தூங்கவிடாமல் செய்கிறது. இத்தனை வருடம் முன்னாலேயே ஒரு பெருமந்தத்தைச் சொல்ல முடியுமா? நான் செய்தது சரியா? பெயரைப் போட வேண்டாம்.

---

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். அந்த நிறுவனம் காட்டும் கவலைகள் உண்மையானவை. ஆனால் அதில் குறித்திருக்கும் தேதிக்கு மதிப்பில்லை. நீங்கள் முதலீட்டை நிறுத்தியது, என் பார்வையில், சரியான முடிவு இல்லை.

ஓராண்டு முன்னால் சரியாகச் சொல்பவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன்னாலும் சரியாகச் சொல்வார்கள் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இரண்டும் வேறு வேறு வேலை. அடுத்த ஆண்டைச் சொல்பவரிடம் தொழிற்சாலைகளுக்கு வந்திருக்கும் ஆர்டர்கள், வீடு கட்டும் அனுமதிகள், வங்கிகள் கொடுக்கும் கடன், வட்டி விகிதம் எல்லாம் கையில் இருக்கின்றன. அப்படி இருந்துமே தவறுகிறது. 2022-ன் இறுதியில் அமெரிக்காவில் அடுத்த ஆண்டு மந்தநிலை நிச்சயம் என்று சொல்லாத ஆய்வாளர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. குறுகிய காலக் கடன் பத்திரத்தின் வட்டி நீண்ட காலப் பத்திரத்தின் வட்டியைத் தாண்டுவது என்ற, அவர்கள் ரொம்பவும் நம்பும் அறிகுறியும் அப்போது கண்ணெதிரே இருந்தது. 2023-ல் மந்தநிலை வரவில்லை, பொருளாதாரம் வளர்ந்தது.

நெடுங்காலக் கணிப்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உலகம் முழுவதையும் உலுக்கிய பெருமந்தம் என்று சொல்லத்தக்கது நமக்குத் தெரிந்து ஒன்று, 1873-க்குப் பிறகு வந்த நீண்ட தேக்கத்தையும் சேர்த்தால் இரண்டு. இந்த இரண்டை வைத்துக்கொண்டு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நான் மிகவும் மதிக்கும் ஒருவர் நிக்கோலாய் கோந்திராத்தியெவ். 1920-ல் மாஸ்கோவில் ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர். இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் விலைவாசி, வட்டி, கூலி, நிலக்கரி, இரும்பு உற்பத்தி என்று கிடைத்த எண்களையெல்லாம் திரட்டி, ஐம்பது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒரு பேரலை இருப்பதாக எழுதினார். அவரிடம் இருந்த எண்கள் 1780-களிலிருந்து 1920-கள் வரை. அதற்குள் அடங்கியவை இரண்டரை அலைகள். இது உறுதியான விதி இல்லை, இருக்க வாய்ப்புள்ள ஒன்று என்றுதான் அவரும் அடக்கமாகச் சொன்னார். முதலாளித்துவம் விழுந்தாலும் மறுபடி எழும் என்று பொருள்தரும் அந்த ஆய்வும், விவசாயத்தை முதலில் கவனியுங்கள் என்ற அவருடைய நிலைப்பாடும் ஸ்டாலின் ஆட்சிக்குப் பிடிக்கவில்லை. 1930-ல் கைது செய்தார்கள், 1938-ல் சுட்டுக் கொன்றார்கள். எண்களை நேர்மையாகப் பார்த்ததற்காக உயிரையே கொடுத்தவர் அவர். அவருக்குப் பின் வந்தவர்களோ அந்த இரண்டரை அலையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீழ்ச்சிக்கு ஆளுக்கொரு தேதி குறித்தார்கள். அலை எந்த ஆண்டில் தொடங்கியது என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை இல்லாதபோது தேதிகள் எப்படி ஒத்துப்போகும்?

இப்படித் தேதி குறிப்பதால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். 1980-களில் ரவி பாத்ரா என்ற பொருளியல் பேராசிரியர், 1990-ல் பெருமந்தம் தொடங்கி ஆறேழு ஆண்டு நீடிக்கும் என்று புத்தகம் எழுதினார், அமெரிக்காவில் அது சக்கைபோடு போட்டது. செல்வம் ஒரு சிலர் கையில் குவிந்தால் பொருளாதாரம் ஆட்டம் காணும் என்று அவர் சொன்ன காரணத்தை இன்றைக்கும் ஒதுக்கிவிட முடியாது. 1990 ஜூலையில் அங்கே மந்தநிலை வரவும் செய்தது. ஆனால் எட்டு மாதத்தில் முடிந்துபோய், அதன் பிறகு பத்தாண்டு காலம் இடைவிடாத வளர்ச்சி. அமெரிக்கப் பங்குச்சந்தையின் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 1990 முடிவில் சுமார் 2,630, 1999 முடிவில் சுமார் 11,500. அந்தப் புத்தகத்தை நம்பிப் பணத்தை வெளியே எடுத்து வைத்த ஒருவர், எதுவும் தொலைக்காமலே, தன் ஓய்வுக்காலத்தின் பெரும்பகுதியைத் தொலைத்திருப்பார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அப்படிப்பட்டவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

தேதி ஏன் கிடைக்காது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது, உடனே பெருமந்தம் வந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடந்தது அப்படி இல்லை. 1929 செப்டம்பரில் 381-ல் இருந்த டவ் ஜோன்ஸ் நவம்பரில் 200-க்குக் கீழே போய், 1930 ஏப்ரலில் மறுபடி 294-க்கு ஏறியது. அந்த ஏப்ரலில் நின்று பார்த்தவருக்கு ஆபத்து கடந்துவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும். பெருமந்தம் அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு முடிவாக, மனிதர்கள் கையால் உண்டானது.

1930 ஜூனில் அமெரிக்கா ஏராளமான பொருள்களின் இறக்குமதி வரியை ஏற்றியது, மற்ற நாடுகள் பதிலுக்கு ஏற்றின. டிசம்பரில் நியூயார்க்கில் ‘பேங்க் ஆஃப் யுனைட்டட் ஸ்டேட்ஸ்’ என்ற வங்கி விழுந்தது. பெயரைப் பார்த்து அரசு வங்கி என்று நினைத்துவிடாதீர்கள், அது தனியார் வங்கி. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், பெரும்பாலும் குடியேறி வந்த எளிய மக்கள். டிசம்பர் 10 அன்று பிராங்க்ஸ் பகுதியில் இருந்த கிளையில் ஆரம்பித்த வதந்தியைக் கேட்டுக் கூட்டம் திரண்டது, மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய நாட்களில் நகரத்தின் பெரிய வங்கிக்காரர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து அதை வேறு வங்கிகளோடு இணைத்துக் காப்பாற்றலாமா என்று பேசினார்கள், பேச்சு முறிந்தது. முறியாமல் இருந்திருக்கலாம், அந்த அறையில் சிலர் மனம் மாறியிருந்தால் போதும். டெபாசிட்டுக்கு நாடு முழுவதற்குமான காப்பீடு என்ற ஏற்பாடே அமெரிக்காவில் 1933-ல்தான் சட்டமானது. அதற்குள் ஏறக்குறைய 9,000 வங்கிகள் மூடப்பட்டு, வங்கி டெபாசிட்டுகளையும் சேர்த்து நாட்டில் இருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

1931 மே மாதம் ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட் நொடித்தது. செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டைத் தங்கத்தோடு கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தது. டாலரும் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்ததால், அடுத்தது அதுதான் என்று பயந்து எல்லோரும் டாலரைக் கொடுத்துத் தங்கம் கேட்க ஆரம்பிக்க, தங்கத்தைக் காப்பாற்றுவதற்காக அமெரிக்க மத்திய வங்கி அக்டோபரில் வட்டியை ஒன்றரை சதவீதத்திலிருந்து மூன்றரைக்கு ஏற்றியது. மக்கள் வேலை இழந்து, கடன் வாங்க ஆளில்லாமல், விலைகள் சரிந்துகொண்டிருந்த நேரத்தில்! 1932 ஜூலையில் டவ் ஜோன்ஸ் 41. 1933-ல் அமெரிக்காவில் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை.

இப்போது சொல்லுங்கள், 1931 அக்டோபரில் அந்த வட்டியை ஏற்றுவார்கள் என்று 1921-ல் யாரால் சொல்லியிருக்க முடியும்? 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தபோது, முதல் சில மாதங்களில் உலகத் தொழில் உற்பத்தி 1929-க்குப் பிந்தைய வேகத்திலேயே சரிந்தது, உலக வர்த்தகம் அதைவிட வேகமாகச் சரிந்தது. ஆனாலும் பெருமந்தம் வரவில்லை. மத்திய வங்கிகள் வட்டியை ஏறத்தாழப் பூஜ்யத்துக்கு இறக்கின, அரசுகள் செலவு செய்தன, வங்கிகளைத் தாங்கிப் பிடித்தார்கள். யாரைத் தாங்கினார்கள், யாரைக் கைவிட்டார்கள் என்பதில் நியாயமான கோபம் எனக்கும் உண்டு, அது வேறு விஷயம். 2020-ல் உலக உற்பத்தி ஒரே ஆண்டில் சுமார் 3 சதவீதம் குறைந்தது, 2021-லேயே மீண்டது. கிரகணத்தைக் கணிக்கலாம், நாம் சொல்வதைக் கேட்டு நிலா தன் பாதையை மாற்றிக்கொள்வதில்லை. பொருளாதாரத்தில் கணிப்பைக் கேட்பவர்கள் மத்திய வங்கியிலும் நிதி அமைச்சகத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள், சில சமயம் கேட்டுச் சரியாக நடந்துகொள்கிறார்கள், சில சமயம் தவறாக.

சரி, அப்படியானால் அந்த அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. 2035-ல் 65 வயதைத் தொடப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கணக்கில் பிழை வர வழியில்லை. அமெரிக்க அரசு 2024 நிதியாண்டில் தன் கடனுக்குக் கட்டிய வட்டி அதன் ராணுவச் செலவையே மிஞ்சியது. அந்த நாட்டு ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 வாக்கில் தீரும், சட்டத்தை மாற்றாவிட்டால் ஓய்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டு விழும் என்று அதன் அறங்காவலர்களே சொல்கிறார்கள். இதே நிலை 1983-லும் வந்தது, நிதி தீர்வதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது சட்டத்தைத் திருத்தினார்கள். இந்த முறையும் திருத்துவார்கள் என்பது என் ஊகம், ஆனால் அதற்கான விலையை யாராவது கொடுத்தே ஆக வேண்டும்.

என்னுடைய உண்மையான பயம் இன்னொன்று. 2008-லும் 2020-லும் உலகம் தப்பியது, அரசுகளால் கடன் வாங்கிச் செலவு செய்ய முடிந்ததால். அடுத்த அடி விழும்போது அந்த அளவுக்குக் கை நீளுமா? கடன் மிகுந்து, மக்கள்தொகை மூப்படைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. அங்கே அரசுக் கடன் நாட்டு உற்பத்தியின் இரண்டு மடங்கைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆயிற்று, இதோ விழப்போகிறது என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1989 இறுதியில் உச்சத்தில் இருந்த பங்குச்சந்தை அந்த உயரத்தை மறுபடி தொட 2024 பிப்ரவரி ஆயிற்று. கூலி உயரவில்லை, விலையும் உயரவில்லை, ஒரு தலைமுறை நிரந்தர வேலை கிடைக்காமல் தற்காலிக வேலைகளிலேயே நாளைக் கழித்தது. அதைப் பெருமந்தம் என்று சொல்ல முடியாது, ஆனால் அனுபவித்தவர்களுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. 2030-களில் திடீர்ப் பள்ளத்தைவிட இப்படி ஒரு நீண்ட மேடுபள்ளமற்ற தேக்கம்தான் பல நாடுகளில் வரக்கூடும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பணத்துக்கு வருகிறேன். பள்ளமோ தேக்கமோ, எது வந்தாலும் ஒரு குடும்பத்தை முதலில் அடிப்பது வேலை இழப்பு. அதனால் எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரையிலான வீட்டுச் செலவை வங்கியிலேயே விட்டுவையுங்கள், அங்கே டெபாசிட் காப்பீடு எவ்வளவு தொகை வரைக்கும் என்று பார்த்து, மிஞ்சினால் இரண்டு வங்கிகளில் பிரித்து வையுங்கள். ஒருவர் சம்பளம் நின்றாலும் கட்டக்கூடிய அளவுக்குக் கடனைக் குறையுங்கள். அடுத்த நான்கைந்து வருடத்தில் தேவைப்படும் பணம், அதாவது மகளின் கல்லூரிக் கட்டணம், பங்குகளில் இருக்கவே கூடாது. மீதிக்கு மாதாமாதம் போடுவதை மறுபடி ஆரம்பியுங்கள், ஒரே நாட்டை, ஒரே துறையை நம்பாமல். டவ் ஜோன்ஸ் 1929 உயரத்தைத் திரும்பத் தொட 1954 நவம்பர் ஆனது என்று உங்களைப் பயமுறுத்துவார்கள். அது உச்சத்தில் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் போட்டு, வந்த ஈவுத்தொகையைக் கணக்கில் சேர்க்காதவருடைய கதை. மாதாமாதம் போட்டவர் குறியீடு 41-ல் கிடந்தபோதும் மலிவாக வாங்கியிருப்பார். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. மந்தநிலையில் கல்லூரி முடித்தவர்களைக் கனடாவில் நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்த பொருளியலாளர்கள், அவர்களுடைய சம்பளம் மற்ற ஆண்டுகளில் முடித்தவர்களைவிடக் குறைவாகத் தொடங்கி, அந்த இடைவெளி மறைய ஏறக்குறைய பத்தாண்டு ஆனதைக் கண்டார்கள். அதிலிருந்து சீக்கிரம் மீண்டவர்கள், கிடைத்த முதல் வேலையிலேயே ஒட்டிக்கொள்ளாமல், நிலைமை தேறியதும் நல்ல நிறுவனங்களுக்கு மாறிப் போனவர்கள். அப்படி மாறுவதற்குக் கையில் கொஞ்சம் பணம் வேண்டும், தலையில் கல்விக்கடன் இருக்கக் கூடாது, தேவைப்பட்டால் வேறு ஊருக்குப் போக வீட்டில் சம்மதம் வேண்டும். 2032-ல் மந்தநிலை வராமல் போனாலும் இந்த மூன்றும் அவளுக்கு உதவும். இப்போதிலிருந்தே அவள் பெயரில் தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வாருங்கள், அது எதற்காக என்று அவளிடமும் சொல்லிவிடுங்கள்.