எந்தப் பெட்டிக்கு எந்த இன்ஜின்?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தோட்டத்தில் 45 மி.மீ. அகல மாதிரி ரயில் தண்டவாளம் அமைத்திருக்கிறேன். வளைவுகளின் ஆரம் 60 செ.மீ. ஐ.சி.எஃப். (இங்குள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகளைப் பார்த்து 1:32 அளவில் (அசலில் 32-இல் ஒரு பங்கு) நானே செய்த இரண்டு பெட்டிகளும், விலைக்கு வாங்கிய 1:22.5 அளவு மீட்டர் கேஜ் பெட்டிகள் மூன்றும் உள்ளன. இரண்டு வகைக்கும் பொருந்தும் ஒரே இன்ஜின் உண்டா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: இழுக்கும் இன்ஜின் கிடைக்கும், பொருந்தும் இன்ஜின் கிடைக்காது. மீட்டர் கேஜ் பாதையின் 1,000 மி.மீ. அகலத்தை 22.5-ஆல் வகுத்தாலும், ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதையை 32-ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 45 மி.மீ. வருவதால்தான் இரண்டு அளவுகளும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. நம்முடைய 1,676 மி.மீ. அகலப் பாதைக்கு 1:32-இல் 52 மி.மீ. வேண்டும் என்பதால் உங்கள் ஐ.சி.எஃப். பெட்டிகளின் சக்கரங்கள் சற்று நெருங்கியே நிற்கும். பெட்டியின் நிழலில் அது மறைந்துவிடுவதால் நான் அதைக் குறையாகக் கருதவில்லை.

மறைக்க முடியாதது மனித அளவு. 170 செ.மீ. உயரமுள்ளவர் 1:22.5-இல் 7.6 செ.மீ. இருப்பார், 1:32-இல் 5.3 செ.மீ. மட்டுமே. ஆகவே இன்ஜினின் கூரை பெட்டியின் கூரையோடு ஒத்துப்போவதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 1:29 அளவில் வரும் அமெரிக்க டீசல் இன்ஜின்கள், அசலில் மிகப் பெரியவை என்பதால், உங்கள் மீட்டர் கேஜ் பெட்டிகளின் அருகே உயரத்தில் ஒத்துப்போகக்கூடும். ஆனால் ஓட்டுநர் அறையின் கதவையும் பெட்டியின் கதவையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பயணிகள் ஓட்டுநரைவிட ஒரு தலை உயரமானவர்கள் என்று தோன்றும். கதவு, படி, கைப்பிடி ஆகிய மூன்றையும் அளந்து பாருங்கள்.

உங்கள் வளைவுக்கு, மீட்டர் கேஜ் பெட்டிகள் மூன்றுக்கும் 1:22.5 அளவிலேயே இரண்டு அல்லது மூன்று அச்சுகள் கொண்ட சிறிய டாங்க் இன்ஜினை (தண்ணீர்த் தொட்டியைத் தானே சுமக்கும் நீராவி இன்ஜின்) வாங்குவதே சரி. அசலிலேயே இன்ஜின் பெட்டியைவிடத் தாழ்ந்திருப்பது இயல்பு என்பதால் அது சிறியதாகத் தெரிந்தாலும் கண்ணை உறுத்தாது.

ஐ.சி.எஃப். பெட்டிகளைத் தனி ரயிலாக வைத்துக்கொள்ளுங்கள். அசல் பெட்டியின் நீளம் ஏறக்குறைய 21.3 மீட்டர், 1:32-இல் 66 செ.மீ.க்கு மேல் வரும். அவ்வளவு நீளமான பெட்டி 60 செ.மீ. வளைவில் திரும்பும்போது அதன் முனை வெளியே வீசி, குட்டை இன்ஜினோடு இணைந்த கப்ளிங்கைப் பக்கவாட்டில் இழுத்துத் தடம்புரளச் செய்யும். அந்த ரயிலுக்கு வளைவைப் பெரிதாக்க வேண்டும். இன்ஜினோ, பல்லாண்டுகள் அந்தப் பெட்டிகளை இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜினின் மாதிரியாக இருக்கட்டும். பெட்டிகளையே செய்த உங்கள் கைக்கு அதன் கூடு எட்டாத வேலையன்று.

பணம் கொடுக்கும் முன், இன்ஜினின் உயரத்தையும் அகலத்தையும் விற்பவரிடம் கேட்டு, அட்டையில் அதன் முகப்பை வெட்டி, கதவையும் வரைந்து, தண்டவாளத்தின்மேல் பெட்டிக்கு முன்னால் நிறுத்திச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.