ஐஸ் மெஷின் ஓடும்போது எதற்கு ரோல்?

கேள்வி: ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் நண்பர்கள் நான்கு பேருக்கு, ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம் நடத்துகிறேன். விதிகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பு. கதை நம்ம ஊர்க் கதை. மீன்பிடித் தடைக்காலம், காசிமேடு துறைமுகம். கடனுக்காக ஒரு வியாபாரி பிடுங்கி வைத்திருக்கும் படகுப் பத்திரத்தை விடிகாலை ஏலத்துக்குள் எடுத்து வர வேண்டும். ‘3 தோல்விக்குள் 6 வெற்றி’ என்று ஸ்கில் சேலஞ்ச் (திறமைகளைப் பகடையால் சோதிக்கும் தொடர்) வைத்தேன். எல்லாவற்றுக்கும் டிசி 15, அதாவது பகடையில் விழுவதும் ஸ்கில் எண்ணும் சேர்ந்து 15-ஐ எட்ட வேண்டும். எந்தெந்த ஸ்கில் செல்லும் என்று பட்டியலும் கொடுத்தேன். தங்கள் கதாபாத்திரத்தின் திறமைகளை எழுதிய ஷீட்டில் பெரிய எண்ணைத் தேடி வரிசையாக உருட்டினார்கள். 20 நிமிடத்தில் தோற்றார்கள். மீனவக் குடும்பத்து நண்பன் மட்டும், “ஐஸ் அரைக்கிற மெஷின் ஓடும்போது போய்ட்டா ஒரு சத்தமும் கேக்காதுடா” என்றான். சரி, ஸ்டெல்த் (பதுங்கிப் போகும் ஸ்கில்) போடு என்றேன். 4 விழுந்தது. அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. நான் எங்கே தவறினேன் அண்ணா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் அந்த ஐஸ் மெஷின் வரியிலேயே நின்றுவிட்டேன். அன்றைய இரவில் உங்கள் மேஜையில் நடந்த ஆகச் சிறந்த விஷயம் அதுதான். மற்ற மூவரும் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஒருவன் துறைமுகத்தைப் பார்த்திருக்கிறான். அவனுக்கு நீங்கள் கொடுத்த பதில், பகடையில் விழுந்த 4.

மெஷின் ஓடுகிறது, காலடிச் சத்தம் கேட்காது. இதில் சந்தேகம் எங்கே இருக்கிறது? சந்தேகம் இல்லாத இடத்தில் ரோல், அதாவது பகடை உருட்டச் சொல்லி, கேட்கக் கூடாது. “சரி, சத்தம் கேக்கல. ஆனா மெஷின்கிட்ட ரெண்டு பேர் நிக்கிறாங்க, அவங்க கண்ணுல படாம எப்படிப் போவ?” என்று கேட்டிருக்கலாம். அவன் யோசனைக்கு முழு மதிப்பும் கிடைத்திருக்கும், அடுத்த சிக்கலும் அதிலிருந்தே பிறந்திருக்கும். அந்த இரண்டாவது கேள்விக்கு வேண்டுமானால் பகடையை எடுங்கள்.

நான் ரோல் கேட்கும் முன் எனக்குள் கேட்டுக்கொள்வது இரண்டு: முடிவு நிஜமாகவே இரண்டு பக்கமும் போகுமா? தோற்றால் காட்சி மாறுமா? தோற்றால் ஒன்றுமே நடக்காது, திரும்ப முயலலாம் என்றால் அந்த ரோல் வேண்டாம். தோற்றால் கதையே நின்றுவிடும் என்றாலும் வேண்டாம். பல வருடங்களுக்கு முன் ஒரு துப்பறியும் ஆட்டத்தில், அலமாரிக்குப் பின்னால் இருந்த கடிதத்தைக் கண்டுபிடிக்க ரோல் வைத்தேன். நான்கு பேரும் தவறவிட்டார்கள். கடிதம் இல்லாமல் கதை நகராது. அன்று வீட்டுக்குப் போன நண்பர்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதன்பின் கதைக்கு அவசியமான எதையும் நான் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைப்பதில்லை.

இப்போது கணக்கு. உங்கள் ஆட்கள் மூன்றாம் நிலை. நல்ல ஸ்கில்லில் +5 இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். டிசி 15 என்றால் டி20-இல் (20 முகப் பகடையில்) 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 55 சதவீதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 3 தோல்வி வருவதற்குள் 6 வெற்றி எடுக்கும் வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால் 22 சதவீதம்தான் வருகிறது. அதுவும் ஒவ்வொரு ரோலும் +5 உள்ள ஆளே போட்டால். +0 உள்ளவர் உருட்டினால் அவருக்குத் தனி ரோலே 30 சதவீதம். அதனால்தான் எல்லாரும் ஷீட்டில் பெரிய எண்ணைத் தேடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 6 வெற்றியை 4 ஆகக் குறைத்தால் 44 சதவீதம். 6-ஐ அப்படியே விட்டு டிசியை 10 ஆக்கினால் 80 சதவீதம். ஒரு ரோலில் சின்னதாகத் தெரியும் மாற்றம் தொடராக வரும்போது எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள். உங்கள் நண்பர்கள் தோற்றது திறமைக் குறைவால் அல்ல. ஆட்டம் தொடங்கும் முன்பே ஐந்தில் நான்கு பங்கு தோல்வி எழுதப்பட்டிருந்தது.

இந்தத் தடுமாற்றம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ‘இத்தனை தோல்விக்குள் இத்தனை வெற்றி’ என்ற வடிவத்தை 2008-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 4ஆம் பதிப்புதான் ஸ்கில் சேலஞ்ச் என்ற பெயரில் கொண்டுவந்தது. எழுதியவர்களே அதே ஆண்டில் எண்களைத் திருத்த வேண்டியிருந்தது. வடிவம் மோசமில்லை. அதை வெறும் எண்ணிக்கையாக ஆடினால்தான் உயிர் போய்விடுகிறது.

உயிர் எங்கிருந்து வரும்? கேரம் போர்டிலிருந்து சொல்கிறேன். 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா வளர்ந்தது உங்களுக்குப் பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டையில். ராயபுரத்துப் பையனுக்குக் கேரம் விதி புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரெட்டைப் போட்டால் ஃபாலோ போட வேண்டும், இல்லையென்றால் ரெட் திரும்ப நடுவுக்கு வரும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் போட்ட காயில் ஒன்று திரும்பி வரும். இதெல்லாம் அடிக்கும் முன்பே தெரியும். தெரிந்துகொண்டே ஒருவன் ரெட்டுக்குக் குறி வைக்கிறான், இன்னொருவன் குழி ஓரத்தில் நிற்கும் காயை எடுக்கிறான். தேர்வு அவனுடையது. உங்கள் மேஜையிலும் உருட்டும் முன் விலையைச் சொல்லிவிடுங்கள்: “தாவலாம். தவறினா தண்ணியில விழுவ, பக்கத்து படகுல தூங்குறவர் எழுந்துப்பார். தாவுறியா, கயிறு புடிச்சு மெதுவா போறியா? மெதுவா போனா நேரம் போகும்.” இப்படிக் கேட்டால் அவர்கள் ஷீட்டை விட்டுத் தலை நிமிர்வார்கள்.

இனி உங்கள் காட்சியையே திருத்துவோம். பட்டியலைக் கிழித்துவிடுங்கள். அதற்குப் பதில் இடத்தைக் காட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. துறைமுகம் முழுக்கப் படகோடு படகு ஒட்டிக் கட்டிக் கிடக்கும். தரையில் கால் வைக்காமலே தளம் தளமாகத் தாண்டி வியாபாரியின் படகுக்குப் போய்விடலாம். ஆனால் அது பழுது பார்க்கும் காலம், படகுகளில் ஆள் இருக்கும். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை, அவை விடிவதற்குள் மீனோடு வரும், ஏலக்காரர்களும் வருவார்கள். வழி, ஆபத்து, கெடு மூன்றும் இதிலேயே இருக்கின்றன. நீங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

தோல்விகளை எண்ணாதீர்கள், அவற்றுக்கு முகம் கொடுங்கள். முதல் தோல்வி: நாய் குரைக்கிறது, காவல்காரர் டார்ச்சோடு எழுகிறார். இரண்டாவது: அவர் படகில் இறங்கி வருகிறார். மூன்றாவது: வியாபாரிக்கு போன் போய்விட்டது. அப்போதும் ஆட்டம் முடியவில்லை. அவர் வந்து சேருமுன் தப்புவதா, நின்று பேசுவதா என்பது அடுத்த காட்சி. இடையில் யாராவது காவல்காரரிடம் பேச்சுக் கொடுத்து உட்கார வைத்தால் ஒரு படி பின்னால் போகட்டும்.

5-க்குக் குறைவாகத் தவறினால், அதாவது மொத்தம் 11 முதல் 14 வரை வந்தால், நினைத்தது நடக்கட்டும், ஆனால் விலை கொடுக்கட்டும்: பத்திரம் கிடைத்தது, செருப்பு அங்கேயே கிடக்கிறது. +5 உள்ளவருக்கு இதனால் முழுத் தோல்வி 25 சதவீதமாகக் குறையும், சுவாரசியம் கூடும். நால்வரும் ஒன்றாகப் பதுங்கிப் போகும்போது எல்லாரும் ஜெயிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். அதன் வாய்ப்பு 9 சதவீதம். 5ஆம் பதிப்பின் குழு விதிப்படி பாதிப் பேர் ஜெயித்தால் போதும் என்றால் 76 சதவீதம்.

ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடுவார் என்ற பயம் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் சிக்கல் எழுப்புங்கள். பூட்டைத் திறப்பவர் திறந்துகொண்டிருக்கும்போதே கரையில் ஏலக்கார அம்மா கூடையோடு வந்து, “யாரு தம்பி நீங்க, எந்த படகு?” என்று கேட்கட்டும். அவரிடம் பேச அங்கே நிற்பவர்தான் பேச வேண்டும், +0 ஆக இருந்தாலும். நம்பும்படி ஒரு பதில் சொன்னால் ரோல் இல்லாமலே விட்டுவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு பகடையை வெளியே எடுக்கும் முன் அந்த நண்பனிடம் எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள்: போன வாரம் அந்த ஐஸ் மெஷின் யோசனை செல்லும், ரோல் கேட்டது என் தவறு. பிறகு கேளுங்கள்: “தடைக்காலத்துல ராத்திரி 2 மணிக்கு அங்க யாரெல்லாம் முழிச்சிருப்பாங்க?” அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.