ஓட்டக் குழுவுக்குக் காட்டில் என்ன வேலை?

ஞாயிறு காலையில் ஒன்றுகூடி ஓடும் குழுக்கள் பல, ஓட்டத்தோடு பக்கத்துக் காப்புக்காட்டிலோ ஏரியிலோ ஒரு மணி நேரம் உழைத்துக் கொடுக்கவும் விரும்புகின்றன. அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் குழுவில் 25 பேர் இருக்கிறோம். நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டி ஓடுகிறோம். உள்ளே மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை நாங்களே போய்ப் பிடுங்கலாமா?
– மேடவாக்கம் வாசகர்

அனுமதி இல்லாமல் கூடாது. காப்புக்காட்டுக்குள் நுழைவதும் வெட்டுவதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். களைதானே என்று விலக்கு எதுவும் கிடையாது. முதலில் வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். பிறகு மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், அவர்களில் 18 வயதுக்குக் குறைந்தவர் உண்டா, என்னென்ன கருவிகள், பிடுங்கியது எங்கே போகும், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற ஏழும் அதில் இருக்கட்டும். "சேவை செய்ய விரும்புகிறோம்" என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட முடியாது.

வேலை நாளில் வனக்காப்பாளர் ஒருவர் கூட இருக்க வேண்டும். எங்கிருந்து எங்குவரை என்று அவரே துணி கட்டிக் காட்டட்டும். நன்மங்கலத்தில் இது இன்னும் முக்கியம். அங்குள்ள பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. அது மரத்தில் கூடு கட்டுவதில்லை, பாறை விளிம்பிலேயே முட்டையிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை குவாரி ஓரத்தில் கூட்டமாக நிற்பதையும் நெற்றி விளக்கு அடிப்பதையும் அறவே தவிருங்கள். கலைந்து பறந்த ஆந்தை திரும்பி வருவதற்குள் காகங்கள் முட்டையை எடுத்துவிடும்.

ஏரி என்றால் அது நீர்வளத் துறையுடையதா, உள்ளாட்சியுடையதா என்று விசாரித்து, உரிய இடத்தில் கடிதம் கொடுங்கள்.

போன ஆண்டு ஏரிக்கரையில் சீமைக் கருவேலத்தை நாற்பது பேர் சேர்ந்து வெட்டினோம். இந்த ஆண்டு முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. எங்கே தவறு?
– ஆவடி வாசகி

வெட்டியதுதான் தவறு. இந்த மரத்தின் உயிர்மொட்டுகள் தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் தூரில் உறங்கிக் கிடக்கின்றன. மேலே வெட்டியதும் அவை விழித்துக்கொள்கின்றன. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் வரும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுபவர்கள் ஒரே தூரை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி வருமானம் பார்ப்பது இந்தக் குணத்தால்தான். நீங்கள் அழிக்க நினைத்தீர்கள், அவர்கள் வளர்க்கச் செய்வதையே செய்துவிட்டீர்கள்.

செய்ய வேண்டியது இது. விரல் தடிமன் வரையுள்ள கன்றுகளை, நல்ல மழை பெய்த இரண்டாம் மூன்றாம் நாளில் கையால் பிடுங்குங்கள். தோல் கையுறை போட்டு, தரையை ஒட்டி இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வளைக்காமல் குந்தி எழுந்தால் ஆணிவேரோடு வந்துவிடும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தூருக்கு மேலே அறுந்துபோகும். அது வெட்டியதற்குச் சமம். கட்டைவிரலுக்கு மேல் தடித்ததற்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் வேண்டும். தூரைச் சுற்றிப் பறித்து, தரைமட்டத்துக்கு ஓரடி கீழே ஆணிவேரை வெட்டித் தூரை முழுதாக வெளியே எடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு தூருக்கு அரை மணி ஆகலாம். தொடை அளவு பருத்த மரங்களைத் தொடாதீர்கள். அது பொக்லைன் வேலை. கரையில் அவ்வளவு பெரிய தூரைத் தோண்டினால் கரையே பலவீனப்படும். அதைத் துறைப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

மரம் போனாலும் விதை போகாது. கடினமான ஓட்டுக்குள் இருக்கும் அந்த விதை மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும். ஆடு மாடு நெற்றை (முற்றிய காயை) தின்று சாணத்தோடு போட்டால், ஓடு இளகி எருவோடேயே முளைக்கும். நெற்று பழுத்து விழுமுன் வேலையை முடியுங்கள். விழுந்துவிட்டால், கிளையை இழுக்கத் தொடங்குமுன் நெற்றைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுங்கள். இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் விதை தூவுவதுபோல் ஆகிவிடக் கூடாது. முதலில் தேர்ந்தெடுக்கும் இடம் அரை ஏக்கரைத் தாண்டவே வேண்டாம். அதே அரை ஏக்கருக்கு முதல் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்பிப் போக வேண்டும். நாற்பது பேர் ஒருநாள் வந்து போவதைவிட எட்டுப் பேர் மூன்று ஆண்டு வருவதுதான் இந்த மரத்தை வெல்லும்.

சீமைக் கருவேலம் என்று நினைத்து நாட்டு மரத்தைப் பிடுங்கிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. எப்படி அடையாளம் காண்பது?
– திருவண்ணாமலை வாசகர்

நியாயமான பயம். கருவேலமும் வன்னியும் இப்படிப் பலியாவது உண்டு.

பூவும் காயும் இருந்தால் குழப்பமே இல்லை. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிமாலை கோத்ததுபோல விதைக்கு விதை இடுங்கி, சாம்பல் பூத்திருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ பூனைவால்போல நீண்ட கதிர். நெற்று இடுங்காமல் சதைப்பற்றோடு, பழுத்தால் வெளிர் மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். வன்னிக்கும் பூ கதிர்தான் என்பதால் அங்கே முள்ளைப் பாருங்கள். சீமைக் கருவேலத்தில் முள் இலைக்கணுவில் வரும், சிறுகிளை கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகும். வன்னியில் முள் குட்டையாக, அடிபருத்து, கணுக்களுக்கு இடையில் சிதறியிருக்கும். கருவேலத்தின் முள் நீண்டு நேராக, வெளிறி, இணையாக நிற்கும்.

முழங்கால் உயரக் கன்றுகளில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். வேலை தொடங்குமுன் காக்க வேண்டிய கன்றுகளில் எல்லாம் வனக்காப்பாளரைக் கொண்டு வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். சந்தேகம் வந்த கன்றை விட்டுவிடுங்கள், அடுத்த மாதம் இன்னும் வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். வேடந்தாங்கல், கரிக்கிலி போன்ற ஏரிகளில் கருவேல மரங்களிலும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. ஒன்றைத் தவறாக எடுத்தால் பல கூடுகளுக்கு இடம் போய்விடும்.

மலையடிவாரத்தில் உண்ணிச்செடி (லாண்டானா) புதர். அதற்கும் இதே முறைதானா?
– கோவை வாசகி

கொஞ்சம் எளிது. தூரை முழுதாகத் தோண்ட வேண்டியதில்லை. மண்ணுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கி, வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாக வைத்துவிடுங்கள். தண்டு ஈரமண்ணைத் தொட்டால் மறுபடி வேர்விடும் என்பதால்தான் தலைகீழ். பழம் கருத்திருக்கும் காலத்தில் இந்த வேலை வேண்டாம். பழத்தைத் தின்ற பறவைகள் எச்சமிடும் பெரிய மரங்களின் அடியில்தான் புதுக் கன்றுகள் முதலில் தலைகாட்டும். அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள். யானை நடமாட்டமுள்ள சரகம் என்றால் எத்தனை மணிக்கு உள்ளே போகலாம் என்பதை வனத்துறை மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஓட வேண்டுமா, வேலை செய்ய வேண்டுமா?
– தாம்பரம் வாசகர்

மெதுவாக ஓடிப் போங்கள், வேலை செய்யுங்கள், நடந்து திரும்புங்கள். போகும் தூரம் 5 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். நெடுந்தூர ஓட்டமோ வேகப் பயிற்சியோ முடித்துவிட்டு வந்தால் தொடையின் பின்தசை இறுகியிருக்கும். இடுப்பு வளைய மறுத்து, குனியும் பாரமெல்லாம் கீழ்முதுகில் இறங்கும். மறுநாள் "கடப்பாரை பிடித்ததால் முதுகு வலி" என்பார்கள். காரணம் பெரும்பாலும் முன்னால் ஓடிய ஓட்டம்தான். களைத்த கையில் பிடியும் தளரும், அரிவாள் நழுவுவது அப்போதுதான்.

காலை 5.30-க்குக் கிளம்பினால் 6.15-க்கு வேலை தொடங்கலாம். 75 நிமிடம் போதும், 8 மணிக்கு மேல் வெயிலில் நிற்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் கடப்பாரை வேலையே வேண்டாம். தண்ணீர் ஒருவருக்கு ஒன்றரை லிட்டர். அதை முன்கூட்டியே வண்டியில் அனுப்பிவிடுங்கள், கருவிகளும் அதிலேயே போகட்டும். அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ஓடக் கூடாது. உப்புக் கரைசல் தூள் வாங்கினால் பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதியைக் கொட்டிப் பாதியை மடித்து வைத்தால் உப்பும் சர்க்கரையும் சமமாகப் பிரியாது. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான்.

ஓட்டக் காலணியே போதுமா?
– அம்பத்தூர் வாசகி

போதாது. அதன் அடிப்பாகம் பஞ்சுபோன்றது, மேற்பாகம் வலைத்துணி. சீமைக் கருவேல முள் இரண்டையும் துளைத்துப் பாதத்தில் ஏறும். தடித்த அடியுள்ள பூட்ஸைக் கருவி வண்டியில் போட்டு அனுப்பி, இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டைக்கு மேல் முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. முள் குத்தி நுனி உள்ளே ஒடிந்தால் ஊசியால் கிண்டாதீர்கள். மூட்டுக்குப் பக்கத்தில் குத்தி வீங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கடைசியாக டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டது எப்போது என்று குழுவில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பாம்பு பயம் இருக்கிறது. வேறு என்ன ஆபத்து?
– செங்கல்பட்டு வாசகர்

பாம்புக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். குவியலுக்கு அடியில் கை விடாதீர்கள், ஆறடிக் கம்பால் புரட்டிப் பார்த்த பிறகே தொடுங்கள். வெட்டிய கிளைகளை இரவு போட்டு வைத்து மறுநாள் காலை அள்ளுவதுதான் அதிக ஆபத்து. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலணி, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிச் சென்று, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அது எந்த மருத்துவமனை என்பதை முதல்நாளே விசாரித்து வைத்திருங்கள்.

யாரும் கேட்காத ஆபத்து ஒன்று உண்டு, உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் கடியால் வருகிறது. தமிழ்நாட்டில் மழையும் குளிருமான மாதங்களில் அதிகம். நாம் வேலைக்குப் போகும் மாதங்களும் அவைதான். புல்லில் உட்காராதீர்கள், சட்டையைப் புதர்மேல் காயப் போடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் குளித்து, உடையை வெந்நீரில் துவையுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல வலியில்லாத கருப்புப் புண் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் "புதரில் வேலை செய்தேன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் கேட்டால் அவர் சரியான மருந்தை நினைப்பார். சீக்கிரம் கண்டுகொண்டால் டாக்சிசைக்ளினில் குணமாகும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய சாலையில் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குகிறோம். சரியாகச் செய்கிறோமா?
– வேளச்சேரி வாசகி

2022-இல் ராம்சர் தளமான (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட) இடம், சாலையோரத்தில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பையும் நீருக்குள் போகாமல் தடுக்கிறது. சதுப்புக்குள் மட்டும் இறங்காதீர்கள். கழிவுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். வலசைப் பறவைகள் இருக்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை கூச்சலும் ஒலிபெருக்கியும் வேண்டாம்.

பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகப் பழைய 25 கிலோ அரிசிச் சாக்கு கொண்டு போங்கள். உடைந்த கண்ணாடிக்குத் தனி வாளி. ஊசி கண்டால் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து மூடியுள்ள கெட்டிப் புட்டியில் போடுங்கள். தூண்டில் நரம்பைக் கண்டால் முழுக்க உருவி எடுங்கள், நாரையின் காலை அறுப்பது அதுதான். சருகும் பட்ட மரமும் குப்பையல்ல. மாநகராட்சி வண்டி எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று முதல்நாளே பேசி முடியுங்கள். சாலையோரம் கட்டி வைத்துவிட்டு வந்த மூட்டையை மாலைக்குள் நாய் கிழித்துவிடும்.

பிடுங்கிய இடம் வெறுமையாக இருக்கிறது. மரக்கன்று நடலாமா?
– திருவள்ளூர் வாசகர்

அவசரப்படாதீர்கள். சதுப்பும் புல்வெளியும் மரமில்லாமல் இருப்பதுதான் அவற்றின் இயல்பு. அங்கே வேம்பும் புங்கனும் நட்டால் ஆள்காட்டிக் குருவி முட்டையிடத் திறந்த தரை இல்லாமல் போகும். ஒரு மழைக்காலம் பொறுங்கள். சீமைக் கருவேலம் போன இடத்தில் புல் தானாக வருவதைப் பார்க்கலாம். நட்டே ஆக வேண்டிய இடமா, என்ன மரம் என்பதை வனத்துறையிடம் கேட்டு, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு நடுங்கள். முட்டையிடும் மாதங்களான மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆள்காட்டி கத்திக்கொண்டே தலைக்கு மேல் பாய்ந்தால், அங்கேயே நின்று, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். முட்டை சரளைக்கல் நிறத்தில் காலடியிலேயே இருக்கும்.

முதல் வாரம் அறுபது பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் எட்டுப் பேர். கைவிட்டுவிடலாமா?
– மதுரை வாசகர்

எட்டுப் பேர் போதும். அறுபது பேருக்குக் கருவி கிடையாது, கண்காணிக்க ஆள் கிடையாது, புல்லும் மிதிபட்டு மடியும். எட்டுப் பேரை நாலு ஜோடியாக்குங்கள். இரண்டு ஜோடி கன்று பிடுங்கட்டும், ஒரு ஜோடி தூர் தோண்டட்டும், ஒரு ஜோடி இழுத்துக் குவிக்கட்டும். அடிக்கட்டைகளெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கினால் பிறகு அள்ளுபவருக்கு முள் படாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், ஒரே தசை ஓயாது உழைப்பது குறையும்.

வேலை பலன் தருகிறதா என்று தெரியாததால்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் மூன்று, மூலைக்கு ஒரு கல் நட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் பிடுங்குமுன் அந்தச் சதுரங்களில் உள்ள புதுக் கன்றுகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஒரே கல்லின் மேல் நின்று ஒரே திசையில் படமும் எடுங்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு சதுரத்தில் மட்டும் ஏறினால் அங்கே நெற்று வெளியிலிருந்து வருகிறது. ஆட்டுப் புழுக்கை கிடக்கிறதா, வேலி எங்கே திறந்திருக்கிறது என்று அன்றே தேடிப் பாருங்கள்.