1965 பீட்டில்: கியர்பாக்ஸ் ஆயில் இடது பின்சக்கரப் பக்கம் சொட்டுகிறது. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 1965 வோக்ஸ்வேகன் பீட்டில் ஸ்விங் ஆக்சில் வண்டி, அதாவது பின்பக்க ஆக்சில் குழாய்கள் கியர்பாக்ஸ் ஓரத்தில் மடங்கி, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். கியர்பாக்ஸும், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், ஆயிலும் ஒன்றுதான். அந்த ஆயில் இரண்டு பக்கமும் ஆக்சில் குழாய் வழியாகச் சக்கர பேரிங் வரை போகிறது. அதனால் கசிவு சக்கரத்தில் தெரிந்தாலும் கியர்பாக்ஸ் ஓரத்தில் தெரிந்தாலும் சொட்டுவது ஒரே ஆயில்தான். எந்த இடத்தில் வெளியேறுகிறது என்று தெரியாமல் சீல் (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) வாங்கப் போகாதீர்கள்.

முதலில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து அடிப்பக்கம் முழுவதும் கழுவித் துடையுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, தரையில் அட்டை விரித்து நிறுத்துங்கள். சொட்டு விழுந்த இடத்தை மட்டும் நம்பக்கூடாது. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் இழுத்துப் பரப்பும். ஈரம் தொடங்கும் மேல் விளிம்பைத் தேடுங்கள். இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்ற சந்தேகம் வந்தால் விரலில் தொட்டு முகருங்கள். கியர் ஆயிலில் கந்தக நெடி தூக்கலாக இருக்கும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது.

அடுத்தது அளவு. சமதரையில் நிறுத்தி, கியர்பாக்ஸின் இடப்பக்கம் உள்ள ஃபில்லர் பிளக்கை 17 மில்லிமீட்டர் அலென் கீயால் திறங்கள். ஆயில் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். திறந்தவுடன் கொட்டினால், யாரோ அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள். உபரியை வடியவிட்டாலே சில வண்டிகளில் கசிவு நின்றுவிடும். கியர்பாக்ஸின் மேலே இருக்கும் காற்றுத் துளை சேறு அடைத்துக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே சூடாகும் காற்றுக்கு வழியில்லை என்றால் நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும்.

ஈரம் ஆக்சில் குழாயும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் என்றால் அந்த இணைப்பை மூடும் மடிப்பு உறையான ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. உங்கள் வண்டியிலும் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பூட் மடங்கி நிமிர்கிறது, வயதானால் மடிப்பில் வெடிக்கும். தொழிற்சாலையில் போட்டது முழு பூட். அதை மாற்ற டிரம், பேரிங், குழாய் முனையில் பிரஸ் செய்த ஃப்ளாஞ்ச் வரை கழற்ற வேண்டும். ஆகவே எல்லோரும் போடுவது இரண்டாகப் பிளந்து ஸ்க்ரூவால் சேர்க்கும் பூட். வேலை எளிது, கெடுப்பதும் எளிது.

ஆயிலை வடித்துவிட்டுத் தொடங்குங்கள். டிரெயின் பிளக்கைத் தொடும் முன் ஃபில்லர் பிளக் திறக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வடித்த பிறகு அது அசைய மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். பழைய பூட்டை வெட்டி எடுத்தபின் குழாயையும் கியர்பாக்ஸ் பக்க விளிம்பையும் பெட்ரோல் நனைத்த துணியால் பிசுக்கில்லாமல் துடையுங்கள். மண் உள்ளே விழக்கூடாது. புது பூட்டின் பிளவு முகங்களில் ஆயில் தாங்கும் சீலன்ட் மெல்லிசாகத் தடவி மூடுங்கள். தையல் கிடைமட்டமாக, வண்டியின் பின்புறம் பார்த்து இருக்கட்டும். தையல் கீழே வந்தால் எப்போதும் ஆயிலில் ஊறி, கொஞ்ச நாளில் நசநசக்கத் தொடங்கும். சின்ன ஸ்க்ரூக்களை ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் விளிம்பு அலைபோல வளைந்து நடுநடுவே இடைவெளி விழும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வண்டி ஜாக்கில் இருக்கும்போது சக்கரம் கீழே தொங்கும், ஆக்சில் குழாய் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் கிளாம்ப்பை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் பூட் முறுகியோ இழுபட்டோ நிற்கும். சில மாதத்தில் கிழியும். பழி பூட் கம்பெனிக்கு! கிளாம்ப்பைக் கையளவுக்கு மட்டும் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் சற்றுத் தள்ளி, பூட் முறுக்கில்லாமல் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும்.

பூட் காய்ந்திருந்து அதன் உட்பக்க ரிடெய்னர் (ஆக்சில் குழாயைக் கியர்பாக்ஸோடு பிடித்து வைக்கும் தட்டு) விளிம்பில் மட்டும் ஈரம் என்றால், அங்கே இருக்கும் காகித கேஸ்கெட்தான் காரணம். அதன் தடிமன் வெறும் கசிவுத் தடுப்புக்கு அல்ல, ஆக்சில் குழாயின் ஆட்டத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. ஆட்டம் 0 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 'ஒன்றுக்கு இரண்டாகப் போடு' என்ற பட்டறை யோசனை இங்கே செல்லாது.

டிரம்முக்குள்ளோ டயரின் உட்புறமோ ஈரம் என்றால் சக்கர ஆயில் சீல். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பிரேக் சமாச்சாரம். ஆக்சில் நட் 36 மில்லிமீட்டர். சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை எடுத்துவிட்டு, நீளக் குழாய் மாட்டித் தளர்த்துங்கள். ஜாக்கில் நிற்கும் வண்டியில் அந்தப் பலத்தைக் காட்டினால் வண்டி விழும். சீல் மட்டும் வாங்காமல் கேஸ்கெட், பெரிய ஓ-ரிங், சின்ன ஓ-ரிங் எல்லாம் உள்ள செட்டாக வாங்குங்கள். சீல் உட்காரும் ஸ்பேசரில் (ஆக்சில் மேல் ஏறும் உலோக வளையம்) நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் ஸ்பேசரும் புதிது. பள்ளத்தின் மேல் புது சீல் போட்டு என்ன பயன்? பேரிங் மூடியில் ஆயில் வெளியேற ஒரு சிறு வழி உண்டு, அது அடைத்திருந்தால் லேசான கசிவும் நேராக பிரேக் ஷூவுக்குப் போகும். கியர் ஆயில் குடித்த ஷூவைக் காய்ச்சியும் கழுவியும் மீட்க முயலாதீர்கள், இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள். நட்டைத் திரும்ப இறுக்க வேண்டிய அளவு 294 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு மீட்டர் குழாயின் முனையில் 30 கிலோ தொங்கும் விசை. காட்டர் பின் துளை சேரவில்லையென்றால் இன்னும் இறுக்கிச் சேருங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். தளர்ந்த நட் டிரம்மின் பல்லையே தின்றுவிடும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் கியர் ஆயில் சொட்டினால், இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் சீல். அதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம், இன்ஜினை இறக்கினால் போதும். புது சீலின் உதடு கியர்பாக்ஸைப் பார்த்திருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் பற்கள் உதட்டைக் கிழிக்காமல் இருக்க அவற்றின்மேல் டேப் சுற்றிக்கொண்டு ஏற்றுங்கள்.

கடைசியாக ஆயில். கெட்டித்தன்மை எஸ்.ஏ.இ. 90, தரவகை ஜி.எல்-4. ஜி.எல்-5 இன்னும் உயர்ந்தது என்று கடைக்காரர் தந்தாலும் வேண்டாம். அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. வடித்து மாற்றும்போது 2.5 லிட்டர் பிடிக்கும், முழுக்கக் காய்ந்த கியர்பாக்ஸ் என்றால் 3 லிட்டர். வேகமாக ஊற்றினால் ஆயில் உள்ளே பரவுவதற்குள் துளையில் வழிந்து, நிறைந்துவிட்டது போல ஏமாற்றும். 2 லிட்டர் ஊற்றிச் சில நிமிடம் விட்டு, மீதியை மெதுவாகச் சேருங்கள்.