பயிற்சிக்குப் பன்றி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். இருபது தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. தனியார் மருத்துவப் பயிற்சி மையம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) பயிற்சிக்கு மாதம் எட்டுப் பன்றிகள், ஒவ்வொன்றும் முப்பது கிலோ அளவில் வேண்டுமாம். கறி விலையைப் போல இரண்டு மடங்கு தருகிறேன், பில் எதுவும் வேண்டாம் என்கிறார். பயிற்சி முடிந்ததும் உடலை நானே எடுத்துவந்து கறிக்கு விற்றுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். இன்னொரு பக்கம், கால்நடை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கும் மாணவர் ஒருவர், என் பண்ணைக் குட்டிகளிடம் புதுத் தீவனம் ஒன்றை மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார். இரண்டுக்கும் சரி என்று சொல்லலாமா? எல்லோரும் ஏன் பன்றியையே தேடி வருகிறார்கள்?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போன பன்றியின் உடல் கறிக்கடைக்கு வரவே கூடாது. மயக்க மருந்து, வலி மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து என்று மணிக்கணக்கில் உள்ளே போயிருக்கும். கடைசியில் பெரும்பாலும் பார்பிட்யூரேட் வகை மருந்தை அதிக அளவில் ஏற்றித்தான் உயிரைப் போக்குவார்கள். வேக வைத்தாலும் அந்த மருந்து போகாது. அப்படிச் செத்த விலங்கின் உடலைத் தின்ற நாய்களும் கழுகுகளும் செத்திருக்கின்றன. எரியூட்டியில் எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். இதைச் செய்வது மையத்தின் பொறுப்பு, அதற்குச் செலவும் ஆகும். அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டிவிட்டு, அதையே சலுகை மாதிரிச் சொல்லியிருக்கிறார் அந்த ஆள். இந்த ஒரு பேச்சு போதும், அவரிடம் முறையான அனுமதி இருக்காது என்று நான் சந்தேகப்பட.

ஏன் பன்றி என்று கேட்டீர்கள். அளவுதான் முதல் காரணம். முப்பது, நாற்பது கிலோ பன்றியின் வயிற்றறையில், மனிதருக்குப் பயன்படுத்தும் அதே கருவிகளை நுழைத்து வேலை செய்யலாம். இதயத்தின் அளவும் அமைப்பும் நம்முடையதை ஒத்திருக்கும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாயின் இதயத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தால் பக்கத்துக் கிளைகள் வழியாக ரத்தம் சுற்றிப் போய்விடும். பன்றிக்கு அந்தக் கிளைகள் மிகக் குறைவு, அடைத்த இடத்துக்குக் கீழே தசை செத்துப்போகும். மாரடைப்பு ஆராய்ச்சியில் நாயின் இடத்தைப் பன்றி பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். தோலும் அப்படித்தான். எலி, முயலின் தோல் தொளதொள என்று நகரும், காயம் சுருங்கியே மூடிக்கொள்ளும். பன்றித் தோல் நம்முடையதைப் போல அடியோடு ஒட்டியிருக்கிறது, புதுத் தோல் படர்ந்துதான் காயம் ஆறும். தீக்காய மருந்தைச் சோதிப்பவர்கள் பன்றியைத் தேடுவது இதனால்தான்.

மருத்துவத்துக்குப் பன்றி ஒன்றும் புதிதல்ல. 1982-ல் அமெரிக்காவில் மனித இன்சுலினை நுண்ணுயிர் வழியே தயாரித்து விற்க அனுமதி கிடைத்தது. அதுவரை உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான். இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களில் நமக்கும் பன்றிக்கும் ஒன்றே ஒன்றுதான் வேறு. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் இன்றைக்கும் பெரும்பாலும் பன்றிக் குடலின் உள்சவ்விலிருந்துதான் வருகிறது. பன்றி இதயத்தின் வால்வைப் பதப்படுத்தி மனிதருக்குப் பொருத்துவதும் பல ஆண்டுகளாக நடக்கிறது.

இனி உங்கள் எட்டுப் பன்றிகள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் கீழ், விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிட ஒரு மத்தியக் குழு இருக்கிறது. முன்பு சிபிசிஎஸ்இஏ என்றார்கள், இப்போது சிசிஎஸ்இஏ. மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் கீழ் வருகிறது. 1998-ல் வந்த விதிகளின்படி, சோதனை நடத்தும் இடம் இந்தக் குழுவிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கே நெறிமுறைக் குழு ஒன்றும் செயல்பட வேண்டும். எலி, முயல் போன்ற சிறிய விலங்கு என்றால் அந்த உள்குழுவின் ஒப்புதலே போதும். பன்றி பெரிய விலங்கு. அதற்கு உள்குழு பரிந்துரைக்க மட்டுமே முடியும், அனுமதி மத்தியக் குழுவிடமிருந்து வர வேண்டும்.

விலங்கை வாங்குவதற்கும் விதி உண்டு. பதிவு பெற்ற வளர்ப்பாளரிடம்தான் வாங்க வேண்டும். அப்படிக் கிடைக்காவிட்டால் வேறு சட்டபூர்வமான இடத்தில், எழுத்துமூல அனுமதியோடு வாங்கலாம். எங்கே வாங்கினோம், எத்தனை வாங்கினோம் என்ற கணக்கையும் வைத்திருக்க வேண்டும். ஆகவே உங்களைப் போன்ற சாதாரணப் பண்ணையில் ஆராய்ச்சிக்குப் பன்றி வாங்குவதே குற்றம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் முறையாக நடக்கும் இடத்துக்கு உங்கள் பில் கட்டாயம் தேவைப்படும். பில் வேண்டாம் என்பவர் அந்தக் கணக்கை எழுதப்போவதில்லை, அவ்வளவுதான்.

அனுமதி வாங்கியிருந்தாலும்கூட இன்னொரு கேள்வி இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கைப்பழக்கம் பெறுவதற்காக மட்டும் உயிருள்ள விலங்குகள் மீது சோதனை செய்வதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்கிறது. மாதிரிகள், படங்கள் போதும் என்கிற இடத்தில் விலங்கே வேண்டாம் என்றும் சொல்கிறது. லேப்ராஸ்கோப்பி பழகுவது கைப்பழக்கம் அல்லாமல் வேறென்ன? பெட்டி மாதிரிகளும் கணினிச் சிமுலேட்டர்களும் இருக்கும்போது, மாதம் எட்டு உயிருள்ள பன்றி ஏன் என்பதற்கு அந்த மையம் நெறிமுறைக் குழுவிடம் நல்ல காரணம் சொல்லியிருக்க வேண்டும். ரத்தம் பீறிடும்போது அடக்கப் பழகுவது போன்ற சிலவற்றுக்குக் காரணம் இருக்கலாம். தையல் பழக உயிருள்ள பன்றி தேவையே இல்லை என்பது என் கருத்து.

அதனால் அவருக்கு மாற்று ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். கறிக்காக எப்படியும் அறுக்கப்படும் பன்றியின் இதயம், மூச்சுக்குழல், சிறுநீரகம், கண் இவற்றை வைத்தே அறுவைப் பயிற்சிகள் பல நடக்கின்றன. கண் மருத்துவர்கள் ஆட்டுக் கண்ணிலும் பன்றிக் கண்ணிலும்தான் கை பழகுகிறார்கள். உரிமம் உள்ள அறுப்புக் கூடத்தோடு பேசி, அறுத்த சில மணி நேரத்துக்குள் உறுப்பைக் குளிர் உப்புநீரில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்ப முடியுமா பாருங்கள். உறைய வைத்துவிடக் கூடாது, திசு நைந்துபோகும். இதயம் வேண்டுமென்றால் மேலே ரத்தக்குழாய்களை நீளமாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். கறிக்கடைப் பழக்கத்தில் ஒட்ட நறுக்கிவிட்டால், தைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இரட்டை விலை கிடைக்காதுதான். ஆனால் எந்த மையத்தோடும் தைரியமாகச் செய்யக்கூடிய வியாபாரம் இது.

ஒருவேளை பதிவும் அனுமதியும் உள்ள நல்ல நிறுவனம் நாளைக்கு உங்களைத் தேடி வரலாம். அவர்கள் பார்ப்பது எடையை அல்ல. குட்டி எந்தத் தாயின் ஈற்று, எந்தத் தேதியில் பிறந்தது, பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி எப்போது போட்டது, குடற்புழு நீக்கம் எப்போது, கடைசியாக எந்த ஆன்டிபயாட்டிக் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். இருமல் உள்ள பன்றிக்கு மயக்கம் கொடுத்தால் மேசையிலேயே போய்விடும். லேண்ட்ரேஸ் கலப்பு உண்டா என்றும் கேட்கலாம். அந்த இனத்தின் சில வம்சாவளிகளில் ஒரு மரபணுக் கோளாறு ஓடுகிறது. சில மயக்க வாயுக்கள் பட்டதும் உடம்பு விறைத்து, ஜுரம் விறுவிறு என்று ஏறிச் செத்துவிடும். வண்டியில் ஏற்றும்போது வெயிலில் துரத்தினாலேகூட அப்படி ஆவதுண்டு.

இந்த விவரங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனையில் டேவிட் பென்னட் என்பவருக்கு, பத்து மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். இறந்தபின் ஆராய்ந்ததில், பன்றிகளிடம் சாதாரணமாகக் காணப்படும் சைட்டோமெகலோ வைரஸ் ஒன்று அந்த இதயத்தோடு உள்ளே வந்திருந்தது தெரிந்தது. இதயம் செயலிழந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். கண்ணும் கருத்துமாக, நோயே அண்டாமல் வளர்த்த பன்றி அது. முன்பு செய்த பரிசோதனைகளில் அந்த வைரஸ் பிடிபடவில்லை.

உங்கள் பண்ணைக்கு ஓட்டல் கழிவு வருகிறதா என்று எழுதவில்லை. வந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் தயங்குவார்கள், நியாயம்தான். 2020-ல் அசாம், அருணாச்சலப் பக்கம் இந்தியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. வேகாத பன்றிக்கறித் துண்டு ஒன்று கழிவில் இருந்தால் போதும், கொட்டகை மொத்தமும் காலி. கொதிக்க வைக்காத கழிவு வேண்டவே வேண்டாம்.

மாணவரின் தீவனச் சோதனைக்கு வருவோம். இதற்கு மனம் நிறைந்து சரி சொல்லுங்கள். காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்திலும், குவாஹாட்டி அருகே ராணியில் உள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி மையத்திலும் நடக்கும் சோதனைகள் ஒரு பக்கம். உங்கள் தண்ணீர், உங்கள் வெயில், உங்கள் கொட்டகையில் அந்தத் தீவனம் என்ன செய்கிறது என்பது வேறு. அவருடைய கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடித நகலை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். இதுவும் பன்றிதான் என்பதால், மத்தியக் குழுவின் அனுமதியும் தேவையா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்ணைச் சோதனைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பால் மறக்கடித்த குட்டிகளைப் பிரிக்கும்போது, பண்ணை ஆள் தன்னை அறியாமல் கொழுகொழு என்று இருப்பதைப் புதுத் தீவன அறைக்கும், நோஞ்சானைப் பழைய தீவன அறைக்கும் தள்ளிவிடுவார். மூன்று மாதம் கழித்துப் புதுத் தீவனம் அபாரம் என்று முடிவு வரும். அப்படிச் செய்யாமல் ஒவ்வொரு ஈற்றையும் தனித்தனியாக எடுத்து, எடை பார்த்து, அண்ணன் தம்பிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு அறைக்கும் பிரிக்க வேண்டும். காயடித்த ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். நோஞ்சான் குட்டியும் சோதனையில் இருந்தாக வேண்டும், அதை ஒளித்து வைக்காதீர்கள்.

எடை பார்ப்பதும் அப்படித்தான். முப்பது கிலோ பன்றி ஒரு மூச்சில் இரண்டு கிலோ தண்ணீரும் தீவனமும் வயிற்றில் போட்டுக்கொள்ளும். ஒரு தடவை காலையில் வெறும் வயிற்றில், இன்னொரு தடவை சாப்பிட்டபின் என்று தராசில் ஏற்றினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், தீவனம் வைப்பதற்கு முன்னால் பாருங்கள். காதைப் பிடித்து இழுக்க வேண்டாம். பலகை ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து நடத்தினால், வழி தெரியும் பக்கம் தானாகவே போய் நிற்கும். சிந்திய தீவனத்தையும் கூட்டி நிறுத்துக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ எடை கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விடை. சிந்தியதைத் தின்றதாக எழுதினால் நல்ல தீவனத்துக்கும் கெட்ட பெயர் வரும்.

மாணவரோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். தீவனச் செலவு யாருடையது, குட்டி செத்தால் யார் ஈடு தருவது, பிரேதப் பரிசோதனைக்கு யார் எடுத்துப் போவது, முடிவில் பன்றிகள் யாருக்கு, இவ்வளவும் அதில் இருக்கட்டும். தீவனத்தில் மருந்து எதுவும் கலந்திருந்தால், நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். முடிவு உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதன் நகல் உங்களுக்கு வர வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

பயிற்சி மையத்து ஆள் மறுபடி போன் செய்தால் மூன்று தாள்கள் கேளுங்கள்: சிசிஎஸ்இஏ பதிவுச் சான்று, பன்றிக்கென்று வந்த அனுமதிக் கடிதம், உங்களிடம் வாங்குவதற்கான எழுத்துமூல உத்தரவு. வாட்ஸப்பில் அனுப்பினால் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேதி தாண்டவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் பில் போட்டு, காதில் எண்ணுள்ள குட்டிகளாகக் கொடுங்கள். அப்போதும் உடல் திரும்பி வரக் கூடாது.