வீடு கட்டிய கான்ட்ராக்டர் மேல் எந்த ஊரில் கேஸ் போடுவது?

வீடு ஒரு ஊரில், நீங்கள் ஒரு ஊரில், கான்ட்ராக்டர் வேறொரு ஊரில், அக்ரிமெண்டிலோ நாலாவதாக ஒரு ஊர்க் கோர்ட்டின் பெயர்; எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நாலு ஊர்ச் சிக்கலில் ஏழு மாதத்தைத் தொலைத்தவன் நான். நீங்களும் என்னைப் போல வாட்ஸாப்பில் போட்டோ பார்த்தே வீடு கட்டியவராகத்தான் இருப்பீர்கள்.

நான் வக்கீல் இல்லை. ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. பட்டதைச் சொல்கிறேன், சட்டம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

வீடு துறையூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில். கான்ட்ராக்டர் நாமக்கல்காரர், மச்சான் சொல்லி வந்தவர். மெட்டீரியலோடு சேர்த்து 28 லட்சம். 2021 நவம்பர் மழையில் பூஜை அறைத் தளம் ஒழுக ஆரம்பித்தது. அம்மா சாமி படங்களை இறக்கி ஹாலில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்தார். போன் செய்தால், "புது வீடுன்னா ரெண்டு மழை அப்படித்தான் சார்" என்பார் கான்ட்ராக்டர்.

எங்கள் அக்ரிமெண்டில் "சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது" என்று ஒரு வரி. சென்னைக்கும் எங்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. யாரோ சென்னை பில்டரின் அக்ரிமெண்டைப் பேர் மாற்றி அடித்திருக்கிறார்கள். என் வக்கீல் அந்த வரியை நம்பி அங்கேயே வழக்குப் போட்டார். இந்த கோர்ட்டின் எல்லைக்குள் வராது என்று ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதிகாரமுள்ள இரண்டு மூன்று கோர்ட்டுகளில் ஒன்றை நாம் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதிகாரமே இல்லாத கோர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டு அதிகாரம் கொடுக்க முடியாது. 1989லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதாம். இது தெரியாமல் ஃபீஸ் வாங்கியவரை என்ன சொல்ல.

சிவில் கோர்ட் என்றால் கான்ட்ராக்டர் இருக்கும் ஊர், அல்லது வேலை நடந்த ஊர். நுகர்வோர் ஆணையத்தில்தான் நமக்கு வசதி. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். கேட்கும் நஷ்ட ஈட்டைப் பார்ப்பதில்லை, கொடுத்த பணத்தைத்தான் பார்க்கிறார்கள்: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். எனக்கு ஃபீஸ் 1,000 ரூபாய்தான். ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போ என்பார்கள். சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டிய தனி வீட்டுக்கு அது வராது.

2023 ஆகஸ்டில், ஓசூர் வரும் மாவட்டமான கிருஷ்ணகிரியின் நுகர்வோர் ஆணையத்தில் போட்டேன். மனுப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடு முடிய மூன்று மாதம்தான் மிச்சம். எதிர்த்தரப்பு வக்கீல் ஒழுகலைப் பற்றிப் பேசவே இல்லை. "மனுதாரர் ஆதாரில் துறையூர் முகவரி, இங்கே என்ன வேலை?" என்றார். பத்து வருடமாக ஓசூரில் இருந்தும் ஆதாரை மாற்றாதது என் தப்புதான்.

வாடகை அக்ரிமெண்ட் காட்டலாம் என்றால் வீட்டுக்காரர் எழுதித் தரமாட்டார். மாதம் 11,000 கையில் ரொக்கமாக வாங்குவார், ரசீது கிடையாது, வருடா வருடம் ஏற்றுவதற்கு மட்டும் தேதி மறக்காது. "எழுத்து கிழுத்தெல்லாம் வேணாம் தம்பி, நம்பிக்கைதான்" என்பார். வரி கட்டப் பயம், வேறென்ன. கடைசியில் கம்பெனி சம்பளச் சீட்டும் சமையல் கேஸ் புக்கும்தான் காப்பாற்றின.

3 லட்சத்து 40 ஆயிரம் தரச் சொல்லி உத்தரவானது. பாதித் தொகையைக் கட்டினால்தான் அப்பீல் போக முடியும், கான்ட்ராக்டர் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். "பத்துச் சொட்டுத் தண்ணிக்கு இவ்வளவா மாப்ள?" என்கிறார் மச்சான். அவர் வீட்டுப் பூஜை அறையில் வாளி இல்லை.

உங்கள் ஆதாரில் எந்த ஊர் முகவரி என்று நீங்கள் சொல்லவில்லை. மனு எழுதுவதற்கு முன் அதைப் பாருங்கள்.